ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராம் புளிப்பு

மும்பை கிங்ஸ் சர்க்கிள் வீடுகளுக்கு ஆர்.ஓ. சர்வீஸுக்கு வரும் பையன், பேனா போன்ற ஒரு கருவியைக் குடிக்கிற தண்ணீர் டம்ளரில் நனைப்பான். திரையில் எண் வந்து நிற்கும். "பாருங்க மாமி, நாற்பதுதான்" என்று காட்டுவான். மாமிக்குத் திருப்தி. அன்று சாயங்காலம் மாடிப்படியில் நின்றபடி எதிர்வீட்டு மாமியிடம் "உங்காத்துல எவ்வளவு காட்டித்து?" என்று விசாரிப்பதும் உண்டு. அந்த எண்ணைக் குறிக்கும் டி.டி.எஸ். என்பது எங்கள் பக்கத்தில் இப்படித்தான் வீட்டுச் சொல்லாகிவிட்டது.

மண்ணில்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்க்க ஆசைப்பட்டபோது எனக்கு இரண்டு கருவிகள் தேவைப்பட்டன. ஒன்று இதே பேனா. இன்னொன்றும் பார்வைக்கு இதே மாதிரிதான்: அதே பிளாஸ்டிக் உடம்பு, அதே சின்னத் திரை, ஏறக்குறைய அதே சில நூறு ரூபாய் விலை. அது பி.எச். மீட்டர். முதலாவது, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று சொல்லும். இரண்டாவது, தண்ணீர் எவ்வளவு புளிக்கிறது என்று சொல்லும். இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரியும் இந்த இரண்டுக்கும் உள்ளே சம்பந்தமே இல்லை. கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது, எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்ற கேள்விக்கான விடை அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. அது எனக்குப் புரிவதற்குள் ஒரு தொட்டிப் புதினா போய்விட்டது.

எங்கள் மாட்டுங்காவில் தோட்டம் என்றால் ஜன்னல்தான். பழைய கட்டடங்களின் ஜன்னலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் இரும்பு கிரில்லுக்குள் துளசியும் கற்பூரவல்லியும் நிற்கும். ஈர மண் நிறைந்த தொட்டிகள் நான்கு வைத்தால் கிரில் தாங்குமா என்று பயம். தண்ணீர் ஊற்றினால் கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணியில் செம்மண் சொட்டும். பி.வி.சி. குழாயில் துளை போட்டு, சத்துக் கரைசலை ஓடவிட்டு, அதில் வேர் நனைய வளர்க்கும் முறை இங்கே பிடித்துப்போனதற்கு இந்த எளிய காரணங்களே போதும். மகேஸ்வரி உத்யானைச் சுற்றி ஒருமுறை நடந்தால், தலைக்கு மேலே ஏதாவது ஒரு கிரில்லில் வெள்ளைக் குழாயும் அதிலிருந்து எட்டிப் பார்க்கும் பாலக்கும் தென்படலாம்.

இந்த முறையின் மூத்த சோதனை எலி புதினாதான். ஜான் வுட்வர்டு என்ற ஆங்கிலேயர் மண்ணே இல்லாமல் குப்பிகளில் புதினாவை வளர்த்து, 1699இல் அந்தக் கணக்கை வெளியிட்டார். மழைநீர், தேம்ஸ் ஆற்று நீர், ஹைட் பார்க் வாய்க்கால் நீர், அதே நீரில் தோட்டத்து மண்ணைக் கலக்கியது என்று பலவற்றில் வைத்துப் பார்த்தார். தண்ணீர் எவ்வளவு கலங்கலோ அவ்வளவு நன்றாகப் புதினா வளர்ந்தது. செடிக்கு உணவாவது தண்ணீர் மட்டுமில்லை, அதில் கரைந்து வரும் ஏதோ ஒன்று என்று அவர் முடிவுக்கு வந்தார். அந்த 'ஏதோ ஒன்று' எவ்வளவு என்று அளக்க அவரிடம் கருவி இல்லை. எடை கூடியதா என்று செடியைத்தான் நிறுத்துப் பார்த்தார்.

இன்றைக்கு அதை அளப்பது சர்வீஸ் பையனின் பேனா. அதன் நுனியில் இரண்டு உலோக ஊசிகள். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கரைசல் வழியாக மின்சாரம் போகிறதா என்று பார்க்கிறது, அவ்வளவுதான். சுத்தமான தண்ணீரில் மின்சாரம் போக ஆளில்லை. உப்பு கரைந்தால் அது மின்னூட்டம் பெற்ற அயனிகளாகப் பிரிகிறது. அவை மின்சாரத்தைச் சுமந்துகொண்டு போகின்றன. கூட்டம் அதிகமானால் மின்சாரம் அதிகம். ஊசிகளில் கசடு படியாதிருக்க மின்சாரத்தை முன்னும் பின்னுமாக மாற்றி அனுப்புவது ஒன்றே இதில் நுட்பம். தேய்ந்துபோக ஒன்றுமில்லாத அமைப்பு. மலிவுப் பேனாவே வருடக்கணக்கில் உழைக்கும். இங்கே பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். பேனா உண்மையில் அளப்பது மின்கடத்துத்திறனை, ஈ.சி. என்று எழுதியிருக்கும். அதை ஒரு எண்ணால் பெருக்கித்தான் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று காட்டுகிறது. அந்த எண் சில கம்பெனிகளுக்கு 0.5, சிலவற்றுக்கு 0.7. ஒரே கரைசல், ஈ.சி. 1.5 மில்லி சீமென்ஸ். ஒரு பேனா 750 என்கும், இன்னொன்று 1050 என்கும். இரண்டும் பொய்யில்லை. யாரோ சொன்ன பி.பி.எம். கணக்கை அவர் எந்தப் பேனாவில் பார்த்தார் என்று தெரியாமல் பின்பற்றினால் கீரை பட்டினி கிடக்கும், அல்லது நுனி கருகும். ஆகவே ஈ.சி.யை நேராகக் காட்டும் பேனாவாக வாங்கி, அந்த மொழியிலேயே பேசப் பழகுவது நல்லது. இலைக் கீரைகளுக்கு 1.2 முதல் 1.8 வரை போதும்.

சூட்டையும் கவனிக்க வேண்டும். கரைசல் ஒரு டிகிரி சூடேறினால் கடத்துத்திறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். மே மாத மத்தியானத்தில் கிரில்லில் இருக்கும் தொட்டி சுலபமாக 35 டிகிரியைத் தொடும். வெப்பநிலையைத் தானே சரிசெய்து காட்டும் வசதி இல்லாத பேனா, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்லிக் குழப்பும். இந்த வசதி மலிவுப் பேனாக்களிலேயே இருக்கிறது. பெட்டியின் மேல் பார்த்து வாங்கவும்.

இந்தப் பேனாவுக்குக் கண் தெரியாத பொருள்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அது தலைகளை எண்ணுகிறது, முகங்களைப் பார்ப்பதில்லை. சமையல் உப்பைக் கரைத்தாலும் 1.5 காட்டும், சத்துக் கரைசலுக்கும் அதே 1.5. இன்னும் வியப்பானது, யூரியா. வயலுக்குப் போடும் முதல் உரம் அது, ஆனால் தண்ணீரில் கரையும்போது அயனியாகப் பிரிவதில்லை, சர்க்கரை மாதிரி முழு மூலக்கூறாகவே இருக்கிறது. ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் யூரியா கரைத்துப் பேனாவை விட்டால், ஏறக்குறைய வெறும் தண்ணீர் என்றே சொல்லும். சத்து இருக்கிறதா என்று இது சொல்லாது. நீங்கள் போட்டது என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், எவ்வளவு மிச்சம் என்று சொல்லும்.

இனி புளிப்பு.

நம் வீடுகளில் பி.எச். பார்க்கும் சோதனை காலங்காலமாக நடக்கிறது, அதற்கு ஆரத்தி என்று பெயர். மஞ்சள் கரைத்த நீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அது மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைக் கண்டு நிறம் மாறுவது. குங்குமமும் அப்படிப் பிறந்ததுதான். மாட்டுங்கா பூக்கடைகளில் கிடைக்கும் நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும். அது எதிர்ப்பக்கச் சோதனை. பாவம், இரண்டுமே நமக்கு வேண்டிய இடத்தில் கைகொடுப்பதில்லை. தண்ணீர்ச் செடிக்கு வேண்டியது பி.எச். 5.5 முதல் 6.5 வரையிலான ஒரு குறுகிய சந்து. மஞ்சள் 7க்கு மேல்தான் கண் விழிக்கிறது. சங்குப்பூவுக்கு நல்ல புளிப்பு ஏறினால்தான் முகம் மாறும்.

அந்தச் சந்துக்குள் இருப்பது எவ்வளவு சின்ன அளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது நான் அசந்துபோனேன். புளிப்பு என்பது தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அயனி. பி.எச். 6 என்றால் ஒரு லிட்டரில் அது ஒரு மைக்ரோகிராம் இருக்கிறது. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 5 ஆனால் பத்து மைக்ரோகிராம். 7 ஆனால் பத்தில் ஒரு பங்கு. அதே லிட்டரில் கரைந்திருக்கும் சத்து உப்புகளோ ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட. முதல் பேனா கிராமை எண்ணுகிறது. இரண்டாவது பேனா, அந்தக் கிராமின் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் ஒரு மைக்ரோகிராமை மட்டும் தனியே அடையாளம் கண்டு எண்ண வேண்டும். கடையில் இரண்டுக்கும் ஒரே விலை!

அடையாளம் காண்பது கண்ணாடி. பி.எச். பேனாவின் அடியில் மிளகளவு ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. அதன் சுவர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போன்ற மெல்லியது, தனிவகைக் கண்ணாடியால் ஆனது. தண்ணீரில் ஊறும்போது அதன் மேற்பரப்பு மிக மெல்லிய ஜெல் போல ஆகிறது. அந்த ஜெல் ஹைட்ரஜன் அயனிகளுக்கு இடம் கொடுக்கிறது; மற்றவற்றை ஏறக்குறைய அண்ட விடுவதில்லை. குமிழுக்கு உள்ளே இருக்கும் கரைசலின் புளிப்பு எப்போதும் ஒன்று. வெளியே உள்ளது வேறு. இரண்டுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு ஒரு மின்னழுத்தமாக வெளிப்படுகிறது: 25 டிகிரி சூட்டில், ஒரு பி.எச். வித்தியாசத்துக்குச் சுமார் 59 மில்லிவோல்ட். கண்ணாடிச் சவ்வு இப்படிப் புளிப்பை உணர்கிறது என்று 1906இல் கண்டவர் மாக்ஸ் கிரெமர் என்ற ஜெர்மானியர். பி.எச். என்ற அளவுகோலே அப்போது இல்லை. அதை 1909இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையோடு சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த சோரன்சன் கொண்டுவந்தார்.

ஆனால் கண்ணாடி மின்சாரத்தை எளிதில் விடாது. குமிழின் தடை நூறு மெகாஓம் அளவில் இருக்கும். அதன் வழியே கசிந்து வரும் மின்சாரம் அன்றைய கருவிகளின் முள்ளை அசைக்கப் போதவில்லை. 1934இல் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க முடியாமல் தவித்த ஒரு பழைய நண்பருக்காக ஆர்னால்டு பெக்மன் என்ற வேதியியலாளர் வழி தேடினார். சாற்றில் கெடாமலிருக்கச் சேர்த்த கந்தக டை ஆக்சைடு, லிட்மஸ் காகிதத்தை வெளுக்கவைத்துக்கொண்டிருந்தது. பெக்மன் கண்ணாடி முனையோடு வெற்றிடக் குழாய்களைச் சேர்த்து அந்தக் கசிவைப் பெருக்கிக் காட்டினார். மறு வருடம் அது 195 டாலருக்கு விற்பனைக்கு வந்தது, ஒரு மரப்பெட்டி அளவில். இன்று நம் சட்டைப்பையில் சொருகும் மஞ்சள் பேனா அதன் பேரப்பிள்ளை.

இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். நூறு மெகாஓம் தடையுள்ள கருவிக்கு, மூடி ஓரம் படியும் ஒரு மெல்லிய உப்பீரம்கூடக் குறுக்குவழி. ஜூலையில் சுவரே வியர்க்கும் ஊர் இது. காந்தி மார்க்கெட் பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாட்களில் என் பேனா இலக்கங்களை நிறுத்தாமல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. பேட்டரி மூடியைத் திறந்து துடைத்து, அரிசி டப்பாவுக்குள் ஓர் இரவு வைத்த பிறகு நிதானப்பட்டது. (குமிழை மட்டும் மூடியால் பொத்தி ஈரமாக வைத்திருந்தேன், அது ஏன் என்று சொல்கிறேன்.)

புதினா போன கதை இதுதான். பேனா 6.0 என்று காட்டிக்கொண்டிருந்தது. புதுத் தளிர்கள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். இரும்பு வாங்கிப் போட்டேன். இன்னும் மஞ்சளித்தது. மேலும் போட்டேன். கடைசியில், சொட்டு விட்டால் நிறத்தால் பி.எச். காட்டும் சொட்டுச் சோதனைக் குப்பியில் கரைசலைப் பிடித்துப் பார்த்தால், நிறம் 7க்கு மேலே போயிருந்தது. தொட்டியில் இரும்பு வேண்டிய மட்டும் இருந்தது, செடிக்குத்தான் கிடைக்கவில்லை. தண்ணீரில் வெறும் இரும்பு அயனி கரைந்து நிற்கும் அளவு, பி.எச். ஒரு படி ஏறினால் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் உரக் கம்பெனிகள் இரும்பை இ.டி.டி.ஏ. என்ற மூலக்கூறின் கைப்பிடிக்குள் வைத்து விற்கின்றன. அந்தப் பிடியும் 6.5க்கு மேல் தளரத் தொடங்கும். கையை விட்ட இரும்பு துருவாகி அடியில் படியும். நான் போட்ட பணமெல்லாம் தொட்டி அடியில் செம்பழுப்பாகக் கிடந்தது.

பேனா ஏன் தவறாகச் சொன்னது? நான் அதைக் கழுவித் துடைத்து, சுத்தமாகக் காயவைத்து டிராயரில் போட்டிருந்தேன். காய்ந்ததும் ஜெல் படலம் போய்விட்டது. கருவியைப் பத்திரமாக வைப்பதாக நினைத்துக் குமிழின் உணர்ச்சியைக் கொன்றிருந்தேன்.

பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அது நனைந்தே இருக்க வேண்டும். 3 மோலார் என்பார்கள், 22.4 கிராம் உப்பைக் கரைத்து மொத்தம் 100 மில்லியாக்கினால் அதுதான். பிரின்சஸ் ஸ்ட்ரீட்டின் ரசாயனக் கடைகளில் ஒரு சின்னப் பாட்டில் வாங்கினால் பல வருடம் வரும். மூடிக்குள் சில சொட்டு போதும். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடுவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். அது குமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒப்பு முனையின் உப்பை உறிஞ்சி வெளியே இழுத்துவிடும். அவசரத்துக்கு, பி.எச். மாறாமல் நிற்கும் பஃபர் கரைசல்களில் 4 உள்ளது தேவலை.

பஃபர் பற்றிச் சொல்ல சண்முகானந்தா சபாவுக்குப் போக வேண்டும். கச்சேரிக்கு முன் தம்புராவில் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சேர்ப்பார்கள். இரண்டு இடத்தில் பிடித்துவிட்டால் நடுவில் உள்ள ஸ்வரங்களுக்கு ஆதாரம் கிடைத்துவிடுகிறது. பி.எச். பேனாவுக்கும் அப்படி இரண்டு சுருதி: 6.86 அல்லது 7.00 ஒன்று, 4.01 ஒன்று. பேனாவோடு வரும் சிறு பொட்டலங்கள் அவைதான். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீர் 250 மில்லியில் ஒரு பொட்டலத்தைக் கரைத்தால் கரைசல் தயார். முதலில் 6.86இல் வைத்துத் திருத்தவும். பிறகு கழுவி 4.01இல் வைத்துப் பார்க்கவும். 4.0 பக்கத்தில் வந்தால் குமிழ் உயிரோடு இருக்கிறது. 4.5 என்று நின்றால், அது ஒரு படிக்கு 59 மில்லிவோல்ட் கொடுக்கும் தெம்பை இழந்துவிட்டது. ஓர் இரவு ஊறவைத்தும் திரும்பாவிட்டால் வேறு வாங்க வேண்டியதுதான். வெயில் மாறினால் மிருதங்கத்தை மறுபடி சேர்ப்பதுபோல் வாரம் ஒருமுறையாவது இதைச் செய்யாமல், திரையில் வரும் இரண்டு தசம இலக்கத்தை நம்புவதில் அர்த்தமில்லை. மலிவுப் பேனா 6.03 என்று காட்டினால், அதற்கு 6 பக்கத்தில் எங்கோ என்று பொருள். அதுவே செடிக்குப் போதும்.

ஆகவே பட்ஜெட் குறைவு என்பவர்களிடம் நான் சொல்லும் வரிசை விசித்திரமாகத் தோன்றலாம். முதலில் மலிவான ஈ.சி. பேனா. பிறகு பி.எச். பேனா வாங்காமல், சொட்டுச் சோதனைக் குப்பி. காயாது, சுருதி கலையாது, மழைக்குப் பயப்படாது. ஆனால் கிராஃபோர்டு மார்க்கெட் வளர்ப்பு மீன் கடைகளில் தரும் குப்பி வேண்டாம். அதில் பெரும்பாலும் இருப்பது புரோமோதைமால் நீலம், 7.6இல் நீலமாகவும் 6.0இல் மஞ்சளாகவும் இருக்கும். 6க்குக் கீழே எல்லாமே அதே மஞ்சள். மீனுக்குப் போதும், கீரைக்குப் போதாது. 4 முதல் 8 வரை பல நிறம் காட்டும் கலவைக் குப்பியைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவதாகத்தான் பி.எச். பேனா, அதுவும் பஃபருக்கும் சேமிப்புக் கரைசலுக்கும் சேர்த்துப் பணம் இருந்தால். சில ஆயிரம் செலவழிக்க முடிந்தால் குமிழ்ப் பகுதியைத் தனியே மாற்றக்கூடிய மாடலாகப் பார்க்கவும். எத்தனை விலையானாலும் குமிழுக்கு ஆயுள் ஓரிரு வருடம்தான். மண்ணில் குத்தும் பேட்டரியில்லா மூன்று-வேலைக் கருவியைத் தண்ணீருக்கு வாங்காதீர்கள். அதில் கண்ணாடியே கிடையாது.

கருவிச் செலவைக் குறைக்கும் கனவு நம் நாட்டில் பழையது. ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1946இல் காலிம்பாங்கில் மண்ணில்லாச் சாகுபடியைத் தொடங்கியபோது, அமெரிக்கப் பாணித் தொட்டிகளையும் பம்புகளையும் விட்டுவிட்டு, சரளையும் மணலும் கலந்த படுகையில் சாதாரண ஆட்கள் செய்யக்கூடிய எளிய வழி ஒன்றை வகுத்தார். வங்காள முறை என்று 1951இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். சரளைப் படுகை தவறுகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். எங்கள் பி.வி.சி. குழாயில் இருப்பது சில லிட்டர் கரைசல்தான், அது அப்படிப் பொறுக்காது.

அதிலும் மும்பைத் தண்ணீர் ஒரு தனி ஜாதி. விஹார், துளசி, தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, மத்திய வைதர்ணா, பாட்சா என்று ஏழு நீர்நிலைகளில் தேங்கிய மழைநீர் இது. உப்பு குறைவு, மென்மையானது. சத்துக் கரைசல் தயாரிக்க இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது, ஆர்.ஓ. தேவையே இல்லை, குளோரின் போக ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போதும். ஆனால் புளிப்பு ஏற்ற இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும் பைகார்பனேட்டும் இதில் குறைவு. அமிலம் இரண்டு சொட்டு அதிகமானால் எண் தடாலென்று இறங்கும். பாஸ்பாரிக் அமிலத்தை நேராகத் தொட்டியில் ஊற்றாமல், ஒரு பாட்டில் தண்ணீரில் அதைச் சிறிதளவு விட்டு நீர்க்கவைத்து, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். வெறும் குழாய்த் தண்ணீரில் பி.எச். பேனாவை விட்டால் எண் நிற்காமல் அலையும். அயனிகள் போதாததால் வரும் தள்ளாட்டம் அது, பேனாவின் குற்றமில்லை. முதலில் சத்தைக் கலந்து ஈ.சி. பாருங்கள், பிறகு பி.எச். டேங்கர் தண்ணீர் வந்த வாரத்தில் எல்லாம் தலைகீழ்: கிணற்று நீரின் கடினத்தன்மை, அமிலத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டு பேனாவும் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இதில் உண்மையான சந்தோஷம் வந்தது. தினம் காலையில் காபிக்கு முன்னால் இரண்டு எண்களைக் காலண்டர் ஓரத்தில் எழுதுகிறேன். ஈ.சி. ஏறியிருந்தால் செடி சத்தைவிட அதிகமாகத் தண்ணீரைக் குடித்திருக்கிறது: தாகம். வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஈ.சி. இறங்கியிருந்தால் சாப்பிட்டிருக்கிறது: பசி. சத்து ஊற்ற வேண்டும். பி.எச். இன்னும் அந்தரங்கமானது. வேர் ஒரு நைட்ரேட் அயனியை உள்ளே இழுக்கும்போது, மின்னூட்டக் கணக்கைச் சரிகட்டக் காரத்தை வெளியே விடுகிறது, அதனால் எண் மெல்ல ஏறுகிறது. அமோனியத்தை இழுத்தால் ஹைட்ரஜன் அயனியை விடுகிறது, எண் இறங்குகிறது. மேகம் மூடிய நாட்களில் என் தொட்டி அநேகமாக அசைவதே இல்லை. வெயில் நன்றாக அடித்த மறுநாள் காலை 5.8 இருந்தது 6.1 ஆகியிருக்கும். நேற்று பகலெல்லாம் புதினா நைட்ரேட் சாப்பிட்டிருக்கிறது.

இந்தச் செவ்வாய்க்கிழமை 6.2. இரண்டு சொட்டு அமிலம் விட்டேன், கலக்கினேன், 5.9. குமிழைக் கழுவி, மூடிக்குள் கரைசல் இருக்கிறதா என்று பார்த்து மூடிவைத்தேன். தளிர்கள் பச்சையாக இருந்தன.